வியாழக்கிழமைப் பஞ்சு

யேலின் வளர்த்த நரம்புச் செல்கள் பதினான்காவது நாளும் உயிரோடு இருக்கின்றன என்பதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. புதன்கிழமைக் கூட்டத்தில் அவள் படத்தைத் திரையில் போட்டபோது எல்லோரையும்போல நானும் அப்போதுதான் பார்த்தேன்.

கறுப்புச் சட்டத்துக்குள் பச்சை நரம்புகள் ஏறியிருந்தன. பந்தலில் அவரைக்கொடி ஏறுவதுபோல ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மேலும் கீழும் பக்கவாட்டிலும் போயிருந்தன. கூட்டத்தில் பதினோரு பேர் இருந்தோம். எல்லோரும் திரையை நோக்கிச் சாய்ந்தோம். பிறகு பேராசிரியர் ஹௌ மேசையைத் தட்டினார்.

"யேலின்! இதை எங்கேம்மா ஒளிச்சு வெச்சிருந்த இவ்வளவு நாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கறுப்புச் சட்டம் என்னுடையது.

என் பெயர் குவான் நிங். வடகிழக்குச் சீனாவின் ஷென்யாங்கில் இந்த ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடமாகக் கரிப்பஞ்சு செய்கிறேன். தட்டில் வளர்க்கிற செல் தரையோடு தரையாகப் படுத்துத்தான் வளரும். உடம்புக்குள் எந்தச் செல்லும் அப்படிப் படுத்துக் கிடப்பதில்லை. எல்லாப் பக்கமும் அதற்கு அண்டை அயல் வேண்டும். அப்படி வளர ஒரு வீடு கட்டிக் கொடுப்பது என் வேலை. பஞ்சுபோலத் துளைகள் உள்ள நிக்கல் துண்டை உலையில் வைத்து, ஆயிரம் டிகிரியில் மீத்தேன் விட்டால், உலோகத்தின் மேல் கரி மெல்லிய தோலாகப் படியும். அப்படியே உலைக்குள்ளேயே மூன்று மணி நேரம் மெதுவாக ஆறவிட வேண்டும். பிறகு அமிலத்தில் போட்டால் உலோகம் கரைந்துபோகும். கரித்தோல் மட்டும் மிஞ்சும். உள்ளங்கையில் வைத்தால் வைத்ததே தெரியாது. மூச்சு விட்டால் பறந்துவிடும். அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் நரம்புச் செல்களுக்கு ஏற்ற வீடு என்று நம்பினோம். நான்கு வருடமாக எலி மூளையின் நரம்புச் செல்களை அதில் விட்டுப் பார்த்தோம். எல்லாம் வழுக்கி அடியில் விழுந்து செத்தன.

யேலின் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்து ஊரான தியெலிங்கில் கால்நடைக் கல்லூரியில் மாட்டுக் கருக்களை வளர்த்துக்கொண்டிருந்த பெண். இருபத்தொன்பது வயது. சத்தமாகச் சிரிப்பாள். செல்களோடு பேசுவாள். "சாப்பிட்டீங்களா பிள்ளைங்களா? கொஞ்சம் நகருங்க, அவனுக்கும் இடம் விடுங்க" என்று அவள் சொல்வதைக் கேட்டு முதல் வாரத்தில் நானும் ரசித்தேன். கேன்டீனில் பரிமாறுகிற அம்மா எனக்கு ஒரு கரண்டி ஊறுகாய்க்கோஸ் குழம்பு ஊற்றினால் அவளுக்கு ஒன்றரை ஊற்றுவார். ஹௌ சார் ஆரஞ்சு உரிக்கும்போது பாதியைப் பேச்சுவாக்கில் அவள் பக்கம் நீட்டுவார். எனக்கு ஒன்பது வருடத்தில் ஒரு சுளை வந்ததில்லை. இதையெல்லாம் கவனிக்கிறவள் நான் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் என் அறையைப் பகிர்ந்துகொள்கிற லுவான் தேநீர்க் குடுவையோடு வந்து நின்றான். படம் எடுப்பது அவன் வேலை. வம்பு வளர்ப்பது பொழுதுபோக்கு.

"என்ன நிங் அக்கா, முகம் உறைஞ்சு கறுத்த பேரிக்காய் மாதிரி இருக்கு?"

"குளிர்டா."

"ஹீட்டர் எரியுதே."

அவன் போனதும் என் பதிவேட்டை எடுத்தேன். யேலினுக்கு நான் கொடுத்தது பன்னிரண்டு பஞ்சு. அவள் திரையில் காட்டிய கணக்கு இருபத்தாறு. அலமாரியைத் திறந்து எண்ணினேன். என்னுடையது எதுவும் குறையவில்லை. அப்படியென்றால் மீதி பதினான்கு எங்கிருந்து வந்தது? வேறு ஆய்வுக்கூடத்திலிருந்து வாங்கியிருக்கிறாள். என் பஞ்சில் வளராத செல் வேறு எவனுடைய பஞ்சிலோ வளர்ந்திருக்கிறது. வீட்டுக்குப் போய் சோற்றைக் கிளறியபடி உட்கார்ந்திருந்தேன். "மீன் ருசியா இல்லையா?" என்று மாமியார் கேட்டார். ருசியெல்லாம் எங்கே தெரிந்தது.

அடுத்த புதன்கிழமை, எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன்.

"யேலின், அந்தப் பதினாலு பஞ்சு என்னோடது இல்ல. எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் முகம் காதுவரை சிவந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"உங்களோடதுதான் அக்கா."

"நான் குடுக்கலையே."

"நீங்க தூக்கிப் போட்டது. அமிலத் தொட்டிக்குக் கீழ சிவப்பு டப்பா இருக்குல்ல, அதுலேர்ந்து எடுத்தேன். நல்லதை வீணாக்கக் கூடாதேன்னு கெட்டதுல கை பழகலாம்னு பாத்தேன். அதுல பொழச்சுக்கிச்சு. நல்லதுல... நல்லதுல எல்லாமே செத்துப்போச்சுக்கா. அதை எப்படி உங்ககிட்ட சொல்றதுன்னு தெரியல."

லுவான் வாயைப் பொத்திக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அது போதும், அறையே சிரித்தது. ஹௌ சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நிங்! இத்தனை வருஷமா நீ நல்லா செஞ்சதுதான் கோளாறு போலருக்கு. இனிமே கெட்டதாவே செஞ்சு குடும்மா."

"அது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது சார்" என்றேன். அன்றைக்கு அது உண்மை.

சிவப்பு டப்பாவில் கிடந்தவை சுருங்கிய பஞ்சுகள். கரித்தோல் முகத்தோல்போல வழவழப்பாக இருக்க வேண்டும். இவை கிழவன் கழுத்துபோல மடிப்பு மடிப்பாக இருக்கும். எனக்கு அவை அவமானம். பார்த்ததும் தூக்கிப் போட்டுவிடுவேன். ஆனால் அவற்றை உலையில் வைத்த தேதியைக் குறித்துவைக்கும் பழக்கம் மட்டும் இருந்தது. வசந்த விழாப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பிப்ரவரியில் அந்தத் தேதிகளை நாட்காட்டியோடு வைத்துப் பார்த்தேன். எல்லாமே வியாழக்கிழமை.

வியாழக்கிழமை நான் மாமியாரைப் பொதுக் குளியல் கூடத்துக்குக் கூட்டிப்போகிற நாள். நாலு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் முதுகு தேய்க்கிறவர்களிடம் வரிசை நீண்டுவிடும். மாமியாருக்கு மூட்டுவலி, காத்திருக்க முடியாது. அதனால் வியாழன்களில் மட்டும் மூன்று மணி நேரம் ஆறவிடாமல், தண்டவாளத்தில் இருக்கும் உலையை ஒரே தள்ளாகப் பக்கத்தில் தள்ளிவிடுவேன். பஞ்சு உள்ளே இருக்கும் குழாய் வெளிக்காற்றில் மளமளவென்று ஆறிவிடும். உலோகம் சட்டென்று சுருங்கும்போது மேலே இருக்கிற கரித்தோல் மடிந்துபோகும். அந்த மடிப்பில்தான் செல்கள் காலூன்றியிருக்கின்றன. பதிவேட்டிலோ, ஆறவைத்தது மூன்று மணி நேரம் என்று வழக்கம்போலவே எழுதியிருந்தேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பொய் எழுதிய வெட்கம் ஒரு காரணம்தான், ஆனால் முழுக் காரணம் அது என்று சொன்னால் இன்னொரு பொய்யாகிவிடும். சொன்னால் யேலினுக்குப் போய்ச் சேரும். அவள் இன்னும் உயரப் போவாள். சொல்லாமல் இருந்தால் அவளிடம் மிச்சம் இருக்கிற சுருங்கிய பஞ்சு தீர்ந்துபோகும், அவ்வளவுதான். அதன் பிறகு வியாழக்கிழமை உலை மூட்டுவதையே நிறுத்தினேன்.

மார்ச் மாதக் கடைசியில் அவளிடம் பஞ்சு தீர்ந்தது. நான் என் திறமை எல்லாம் காட்டி வழவழவென்று புதிய பஞ்சுகள் செய்து கொடுத்தேன். இரண்டு கையாலும் பயபக்தியோடு வாங்கிக்கொண்டாள். எல்லாவற்றிலும் செத்தன. செல்களுக்கு உணவாக ஊற்றுகிற மீடியத்தை மாற்றிப் பார்த்தாள், பஞ்சின் மேல் தடவுகிற பூச்சை மாற்றிப் பார்த்தாள், எலியை மாற்றிப் பார்த்தாள். ஏப்ரலில் ஒரு நாள் உலை அறைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து அழுதாள்.

"என் கைதான் சரியில்ல போலருக்கு அக்கா. முதல்ல வந்தது குருட்டு யோகம். எல்லாரும் இப்போ அப்படித்தான் பாக்குறாங்க."

"அப்படியெல்லாம் இல்ல" என்று டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன்.  அன்று மாலை டிராமில் போகும்போது மனசு லேசாக இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.

கோடை போயிற்று. யேலினின் கண்டுபிடிப்பைப் பற்றிய கட்டுரையை அனுப்பிய ஆய்விதழிலிருந்து, இன்னொரு முறை செய்து காட்டுங்கள் என்று கேட்டார்கள். யேலினால் செய்து காட்ட முடியவில்லை. ஹௌ சார் ஆரஞ்சை முழுதாகத் தானே தின்ன ஆரம்பித்தார்.

எனக்கு ஓர் ஆசை வந்தது. அவள் விட்ட இடத்திலிருந்து நானே செய்து காட்டினால் என்ன? சுருக்கத்தின் ரகசியம் என்னிடம் இருக்கிறது. செல் வளர்ப்பது பெரிய வித்தையா? மாட்டுக் கல்லூரிக்காரி செய்ததை நான் செய்ய மாட்டேனா? அக்டோபரில், யாரும் இல்லாத ஒரு சனிக்கிழமை காலை, உலையைச் சட்டென்று தள்ளி, சுருங்கிய பஞ்சுகள் செய்தேன். செல்களை விட்டேன். முதல் தட்டில் பூஞ்சை பிடித்தது. இரண்டாவது தட்டில் நான்காம் நாளே செல்கள் சுருண்டுகொண்டன. அவள் பேசுவதுபோலப் பேசியும் பார்த்தேன். வெட்கக்கேடு. மூன்றாவது தட்டை, பெயர் எழுதாமல், செல்களை இளஞ்சூட்டில் வைக்கிற இன்குபேட்டரின் கடைசி அடுக்கில் பின்னால் தள்ளிவைத்தேன். அந்த வாரம் மாமியாருக்குக் காய்ச்சல், நான் நாலு நாள் விடுப்பு. எப்படியும் செத்திருக்கும் என்று தூக்கிப் போடுவதற்காகத்தான் திங்கட்கிழமை திறந்தேன்.

மூடியின் மேல் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. யேலினின் உருண்டைக் கையெழுத்து. "யாருடையது என்று தெரியவில்லை. பசியாக இருந்தார்கள். மீடியம் பாதிதான் மாற்றினேன், முழுதும் மாற்றினால் தாங்க மாட்டார்கள். தினமும் பார்த்துக்கொண்டேன்."

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். மடிப்பு மடிப்பாக, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு செல் கால் நீட்டியிருந்தது. சில இழைகள் ஒரு துளையைத் தாண்டி எதிர்ச்சுவரைத் தொட்டிருந்தன. ஒன்பது வருடத்தில் என் பஞ்சுக்குள் உயிர் நடமாடுவதை நானே குனிந்து பார்த்தது அன்றைக்குத்தான். சந்தோஷம் வர வேண்டும். வந்தது பொறாமைதான், முன்னைவிடக் கொடியதாக. அவளுடைய கைக்காக மட்டும் இல்லை. யாருடையது என்று தெரியாத தட்டுக்குத் தினமும் சோறு போடுகிற மனசுக்காகவும். எனக்கு அது ஏன் இல்லை?

அதோடு ஒரு சந்தேகம் உறுத்தியது. தினமும் பார்த்தவளுக்கு அந்தப் பஞ்சு சுருங்கிய பஞ்சு என்று தெரியாமலா இருக்கும்? அவள் ஒன்றும் கேட்கவில்லை. வராந்தாவில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா அக்கா" என்று கேட்டுவிட்டுப் போனாள். இரண்டு வாரம் அப்படிப் போயிற்று. நவம்பரில் லுவான் செய்தி கொண்டுவந்தான்.

"தெரியுமா? நம்ம மாட்டு டாக்டர் தியெலிங்குக்கே திரும்பிப் போறாளாம். சார்கிட்ட கடிதம் குடுத்துட்டா. கட்டுரையையும் திரும்ப வாங்கிக்கச் சொல்லிட்டாளாம்."

நான் வேண்டியது கிடைத்துவிட்டது. மூன்று மணிவரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு போய் அவள் கதவைத் தட்டினேன்.

"நாளைக்கு வியாழக்கிழமை. குளிக்க வர்றியா?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வர்றேன்" என்றாள்.

குளியல் கூடத்தில் நீராவி மண்டியிருந்தது. மாமியார் வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை இறங்கி உட்கார்ந்துகொண்டார். நானும் யேலினும் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் குப்புறப் படுத்தோம். முதுகு தேய்க்கிற இரண்டு பெண்களும் கைக்கு உறை மாட்டிக்கொண்டு, ஊர்க்கதை பேசியபடி தேய்க்க ஆரம்பித்தார்கள். உடுப்பு இல்லாமல் கிடக்கும்போது பொய் சொல்வது கொஞ்சம் கடினம்.

"யேலின். அந்தச் சுருக்கம் எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்றாள், முகத்தைத் திருப்பாமல். "பேரில்லாத தட்டு உங்களோடதுதானே? நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்."

"உலையை வேகமா ஆறவெச்சா வரும். வியாழக்கிழமை இங்க வர்ற அவசரத்துல தள்ளிவிடுவேன். அவ்வளவுதான் விஷயம்."

"எப்போலேர்ந்து தெரியும்? அதை மட்டும் சொல்லுங்க."

"பிப்ரவரி."

அவளைத் தேய்த்துக்கொண்டிருந்த பெண் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். திரும்பிப் படு என்று அர்த்தம். யேலின் திரும்பவில்லை.

"ஏப்ரல்ல உங்க முன்னாடி உக்காந்து அழுதேன். டிஷ்யூ குடுத்தீங்க. அப்போ தெரியுமா?"

"தெரியும்."

"ஆகஸ்டுல எங்கம்மாவுக்கு போன் பண்ணி, 'எனக்கு ஒண்ணும் வரலம்மா, நான் ஒண்ணுக்கும் லாயக்கு இல்ல'ன்னு சொன்னேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"நின்னேன்."

"ஏன்க்கா? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. உனக்கு வந்துச்சு, எனக்கு வரல. பொறுக்க முடியல."

எழுந்து உட்கார்ந்தாள். அவள் முதுகு பாதி சிவப்பாகவும் பாதி வெள்ளையாகவும் இருந்தது. துண்டை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"ஏம்மா! முன்பக்கம் தேய்க்கவே இல்லையே!" என்று அந்தப் பெண் கையை விரித்தாள்.

தொட்டியிலிருந்து மாமியார் குரல் வந்தது. "ஏண்டி, அப்போ நான் உன்னை அவசரப்படுத்துனதாலதான் அந்தக் கரி நல்லா வந்துச்சா?"

"ஆமா அத்தை."

"அப்போ எம் பேரையும் போடச் சொல்லு." கொஞ்ச நேரம் தண்ணீரைக் கையால் அளைந்தார். பிறகு, "நீ பண்ணுனது ரொம்பக் கெட்ட காரியம்டி. அந்தப் பொண்ணு ஈரத்தலையோட போகுது. வெளியில பனி கொட்டுது. போ, என் தொப்பியக் குடுத்துட்டு வா" என்றார்.

மேலே ஒரு அங்கியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். யேலின் வாசல் கூடத்தில் பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள். தொப்பியை நீட்டினேன்.

"நீங்களே வெச்சுக்கோங்க, டாக்டர் குவான்" என்றாள். பனிக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

அதற்கு முன் அவள் என்னை அப்படி அழைத்ததில்லை.

புதன்கிழமை கூட்டத்தில் நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உலை, வியாழக்கிழமை, பொய்ப் பதிவு, பிப்ரவரியிலிருந்து வாய்மூடி இருந்தது, சனிக்கிழமைத் திருட்டுச் சோதனை. லுவான்கூடச் சிரிக்கவில்லை.

"பதிவேட்டுல பொய் எழுதுன" என்றார் ஹௌ சார்.

"ஆமா சார்."

"அதுக்குக்கூட மன்னிப்பு உண்டு. அவசரம், எழுதிட்ட. இந்தப் பொண்ணு ஏழெட்டு மாசம் தன் கையைத் தானே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்ததே, அதுக்கு என்ன பண்ணப் போற?"

  ஒரு வருடத்துக்கு என் பெயரில் எந்த வேலையும் கிடையாது, யேலின் கேட்கிற பஞ்சைக் கேட்கிறபடி செய்து தர வேண்டும் என்றார். யேலின் பக்கம் திரும்பி, "கடிதத்தைக் கிழிச்சிடவா?" என்று கேட்டார்.

"கிழிங்க சார்" என்றாள். "ஆனா உலை தள்ளும்போது நான் பக்கத்துல நிப்பேன். நேரத்தை நான்தான் எழுதுவேன்."

அப்படியே நின்றாள், குளிர்காலம் முழுவதும். கையில் கடிகாரமும் நோட்டும். எங்களுக்குள் பேச்சென்றால் எண்கள் மட்டும்தான். "எட்டு நிமிஷம்." "எழுதிட்டேன்." "பதினொண்ணு." "எழுதிட்டேன்." பதினொரு நிமிடத்தில் ஆறவைத்ததில்தான் மடிப்பு கச்சிதமாக விழுகிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். அதை நான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று அப்போதும் உள்ளே ஒன்று கடித்தது. மார்ச்சில் அவளுடைய செல்கள் நாற்பது நாள் தாண்டின. பஞ்சின் ஒரு முனையில் மெல்லிய மின்துடிப்பு கொடுத்தால் மறுமுனையில் இருக்கிற செல்களும் சேர்ந்து துடித்தன. வரைபடத்தில் கோடுகள் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தபோது அவள் துள்ளிக் குதித்து, பக்கத்தில் இருந்த என் கையைப் பிடித்துவிட்டாள். பிறகு யார் கை என்று பார்த்து விட்டுவிட்டாள்.

கட்டுரை அச்சில் வந்தது. முதல் பெயர் யேலின். இரண்டாவது, படம் எடுத்த லுவான். மூன்றாவது நான். "சும்மா கேமரா பொத்தானை அமுக்குனேன், ரெண்டாவது!" என்று அவன் ஒரு வாரம் என் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். என் மாமியார் பெயர் இல்லை. அவருக்கு அதில் இன்னும் வருத்தம்.

இலையுதிர் காலத்தில் தாலியனில் நடந்த மாநாட்டுக்கு யேலின் பேசப் போனாள். ஹௌ சார் என்னையும் அனுப்பினார். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகப் பேசினாள், முன்போலவே சத்தமாகச் சிரித்தாள். முடிவில் ஒரு கிழவர் எழுந்து, இந்தச் சுருக்கத்தை எப்படிக் கட்டுக்குள் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டார்.

யேலின் என்னைத் தேடிப் பார்த்தாள். "அதை நான் சொல்லக் கூடாது. செய்யறவங்க கடைசி வரிசையில இருக்காங்க. டாக்டர் குவான், வாங்க."

மேடைக்குப் போனேன். ஒலிபெருக்கியை என் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டு அவள் ஒதுங்கி நின்றாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. உலை, தண்டவாளம், பதினொரு நிமிடம் எல்லாம் விளக்கினேன். கேட்ட கிழவர் குறிப்பெடுத்துக்கொண்டார். கைதட்டினார்கள்.

கீழே இறங்கும்போதே கணக்குப் பார்த்துவிட்டேன்: நான் பேசியது நான்கு நிமிடம். அவளுக்கு இருபது கொடுத்திருந்தார்கள்.